மோட்டார்க் காரின் பின்வில்லைத் தாழ்த்துதல்

வில்வண்டி என்னும் பெயரை நம் பழைய மாணவருள் மூத்தோர் நன்கறிவர். பாரவண்டியில் அச்சின்மேல் நேரே மரச்சட்டம் அமர்ந்திருக்கும். வில்வண்டியிலோ அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே வளைந்த உருக்குத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சில்லு பள்ளத்தில் விழும்போது தகடுகள் வளைந்து கொடுப்பதால், வண்டியில் இருப்பவர் அதிர்ச்சியினின்றும் தப்புவர். இவ்வில்லே பின்னர் மோட்டார்க் காருக்கும் வந்தது. மொறிஸ் மைனர் காருக்கும், இன்று நெல்மூடை ஏற்றும் பட்டா லொறிக்கும், எம்.ஜி.பி. என்னும் புகழ்பெற்ற ஸ்போட்ஸ் காருக்கும் பின்புறத்தைத் தாங்குவது இத்தகைய வில்லேயாம்.

இளைஞர் சிலர் தம் காரின் பின்புறத்தைத் தாழ்த்த விரும்புகின்றனர். தாழ்ந்த கார் தரையைப் பற்றி ஓடும் என்பது அவர் கருத்து. தோற்றத்தின் அழகு மற்றொரு காரணம். அவ்வேலையைத் தம் கையாலேயே செய்ய முனைவோரும் உளர். முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும், அதனாற் பெறுவது எவ்வளவு, இழப்பது எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே ஸ்பானரைக் கையில் எடுத்தல் வேண்டும். அக்கணக்கையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இதற்கு எம்.ஜி.பி. காரின் வரலாறே நல்ல எடுத்துக்காட்டாகும். அக்கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்திலே அபிங்டன் நகரில் செய்யப்பட்டது. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டு விதிகளுக்கு அமைய, குரோமியப் பம்பர்கள் நீக்கப்பட்டுப் பாரமான கறுப்புப் பம்பர்கள் பூட்டப்பட்டன. முன்விளக்குகளும் அவ்விதிகள் கோரிய உயரத்தில் இருக்கவில்லை. முகப்பைப் புதிதாக அமைப்பதற்குப் பதிலாக, காரையே ஏறத்தாழ 1 அங்குலம் உயர்த்திவிட்டனர். விளைவு யாது? வளைவுகளிலே கார் முன்னிலும் அதிகமாகச் சாய்ந்தது. 1975ஆம் ஆண்டுக்குரிய கார்களில் முன்புறச் சாய்வுதடுக்கும் கம்பியும் விடப்பட்டமை குறையைப் பெருக்கிற்று. 1977இல் பின்புறத்துக்கும் அத்தகைய கம்பி சேர்க்கப்பட்டு ஓரளவு திருத்தம் செய்யப்பட்டது. உரிமையாளர் பலரோ காரைப் பழைய உயரத்துக்கே இறக்கினர். இன்றும் இறக்கி வருகின்றனர். அவர்கள் செய்வது காரை அமைத்தோர் முதலில் வகுத்த உயரத்தை மீட்பதேயன்றி, மனம்போனவாறு தாழ்த்துவதன்று. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இனி, தாழ்த்துவதனால் வரும் பயனைக் கணிப்போம். கார் வளைவில் திரும்பும்போது உட்புறச் சில்லுகளின் பாரத்தில் ஒரு பகுதி வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகிறது. அப்பகுதி எவ்வளவு என்பது புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும், இடவலச் சில்லுகளுக்கு இடையேயுள்ள அகலத்தையும் பொறுத்தது. 1000 கிலோகிராம் நிறையுள்ள காரின் மையம் 50 சென்ரிமீற்றர் உயரத்திலும், சில்லகலம் 125 சென்ரிமீற்றராகவும் இருப்பதாகக் கொள்வோம். புவியீர்ப்பின் அரைப்பங்கு விசையோடு அது திரும்பினால் 200 கிலோகிராம் பாரம் மாறும். காரின் இரு புறத்தையும் 1 அங்குலம் தாழ்த்தினால் அது 190 ஆகக் குறையும். பின்புறத்தை மட்டும் தாழ்த்தினால் ஏறத்தாழ 195. பயன் உண்டு, ஆனால் பலர் எண்ணும் அளவு இல்லை.

இழப்பு இரண்டு வகைப்படும். அச்சுக்கும் அதன்மேல் உள்ள றப்பர்த் தடுப்புக்கும் இடையேயுள்ள வெளியே வில் அசைவதற்குரிய இடம். அது 3 அங்குலமாயின், 1 அங்குலம் தாழ்த்தியதும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பின்னிருக்கையில் ஆளும் பொருளும் ஏறினால் மிச்சமும் சுருங்கும். பள்ளத்தில் அச்சு தடுப்பில் மோத, சில்லு தரையை விட்டுத் துள்ளும்.

மற்றையது முன்விளக்கு. பின்புறம் தாழ முகப்பு நிமிர்கிறது. எம்.ஜி.பி. காரின் முன்பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 91 அங்குலம். பின்புறம் 1 அங்குலம் தாழ்ந்தால், ஒளிக்கற்றை 10 மீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் மேலெழும். தாழ்விளக்கைப் பொதுவாக 10 மீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழ்நோக்கியே வைப்பர். ஆகவே அக்கீழ்நோக்கு முழுவதும் அழிந்துவிடும். எதிரே வரும் சைக்கிள்காரரின் கண் கூசும். அவருக்கு வீதியின் ஓரம் தெரியாது. கார் ஓட்டுபவர் தமக்கென்று செய்த மாற்றத்தின் தண்டனை பிறர்மேல் விழுவது நியாயமன்று.

தாழ்த்தும் வழிகளுள் தள்ளத்தக்கன இரண்டு. வில்லை நெருப்பிற் காய்ச்சி வளைவைக் குறைப்பது ஒன்று. உருக்கைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்திய பின்னரே வில்லின் தன்மை வருகிறது. செந்நிறமாகக் காய்ச்சியதும் அப்பதம் கெடும். வில் நாளடைவில் மேலும் தொய்யும். தகடொன்றைக் கழற்றிவிடுவது மற்றொன்று. ஆறு ஒத்த தகடுகளில் ஒன்றைக் கழற்றினால், எஞ்சிய ஒவ்வொன்றும் ஐந்திலொரு பங்கு கூடுதலாகச் சுமக்கும், வில்லும் இளகும். அசைவிடம் குறைந்த காருக்கு வில் சற்று விறைப்பாக இருத்தலே வேண்டும், இங்கோ நேர்மாறாகின்றது.

கொள்ளத்தக்க வழியும் இரண்டு. வளைவு குறைந்ததாகவே செய்யப்பட்ட வில்லைப் பூட்டுதல் முதலாவது. எம்.ஜி.பி. காரில் அச்சு வில்லின்மேல் அமர்ந்திருப்பதால், இடையே உலோகக் கட்டையொன்றை வைத்தல் இரண்டாவது. கட்டையின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு உடல் தாழும். வில்லின் பதம் கெடாது. கட்டை மரமாக இருத்தலாகாது. நசிந்து பிடி தளரும். அதன் மேலும் கீழும் சமாந்தரமாக இருத்தல் வேண்டும். இன்றேல் அச்சு திரும்பி, எஞ்சினிலிருந்து வரும் சுழற்றண்டின் கோணம் மாறும். யூ வடிவப் போல்ற்றுகளும் அதற்கேற்ற நீளத்தில் புதியனவாக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே நுழைதல் கூடாது. உறுதியான தாங்கிகளை இடுக. வேலை முடிந்ததும் அதிர்வுதாங்கி, பிறேக் குழாய், புகைக்குழாய், ரயர் என்பன எங்கும் உரசாமையைப் பார்த்து, விளக்கைத் திருத்துக. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்குதல் இன்றியமையாதது.

நம் பகுதியையும் நினைத்தல் வேண்டும். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியே அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருவீதியில் தாழ்ந்த கார் இனிதே ஓடலாம். அதைவிட்டு மணல் ஒழுங்கையில் திரும்பும்போதும், மாரியில் வெள்ளம் வீதியை மூடும்போதும், இழந்த அந்த ஓர் அங்குலத்தின் அருமை விளங்கும். மேலும், இத்தகைய மாற்றத்துக்கு முன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிந்து, காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தல் நலம்.

ஆதலின், மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: முதலில் வெற்றுக் காரையும், பின் ஆட்கள் நிறைந்த காரையும் நிறுத்தி, அச்சுக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்க. கட்டையின் தடிப்பை ஆசை தீர்மானித்தலாகாது. இரண்டாவது அளவே தீர்மானித்தல் வேண்டும்.