ஹார்டு டிஸ்கில் இருக்கும் கல்யாண வீடியோ டிவியில் ஓடவில்லையா? 'ஃபார்மட்' பட்டனை அழுத்தும் முன் இதைப் படியுங்கள்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சென்னை, பெங்களூருவில் இருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளின் பையில் இப்போதெல்லாம் ஒரு சின்ன ஹார்டு டிஸ்கும் இருக்கிறது. அப்பா அம்மா கல்யாண கேசட், தங்கச்சி காதுகுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்கப் போனபோது எடுத்தது என வீட்டு வீடியோ எல்லாம் அதற்குள்தான்.

ராஜபாளையம் பக்கத்தில், நைட்டி தைக்கும் ஊர் என்று பெயர் வாங்கிய தளவாய்புரத்திலும் இதே கதைதான். தையல் மெஷின் ஓய்ந்த நேரத்தில் மொத்தக் குடும்பமும் டிவி முன்னால் உட்காரும். டிஸ்கைச் செருகினால் திரையில் 'இந்த ஃபைலை இயக்க முடியவில்லை' என்று வரும். இல்லையென்றால் எதுவுமே வராது. "என்னய்யா, ஓட மாட்டேங்குதா?" என்று அம்மா கேட்க, பிள்ளை ரிமோட்டில் கைக்கு வந்ததை எல்லாம் அழுத்திப் பார்ப்பார்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்படி அழுத்தும் பட்டன்களில் ஒன்று, டிஸ்கில் இருப்பதை மொத்தமாக அழித்துவிடக்கூடியது.

டிவி ஏன் 'ஃபார்மட்' கேட்கிறது?

முக்கியமாக 3 காரணங்கள். ஒன்று, டிஸ்கில் தகவல் அடுக்கப்பட்டிருக்கும் முறை டிவிக்குப் புரியவில்லை. இரண்டாவது, சில டிவிகளில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதி உண்டு. அதற்காக டிஸ்கைத் தனக்கென்று தயார் செய்துகொள்ள அனுமதி கேட்கிறது. மூன்றாவது, ஆண்ட்ராய்டு டிவிகளில் வெளி டிஸ்கை டிவியின் சொந்த ஸ்டோரேஜாக மாற்றட்டுமா என்று ஒரு கேள்வி வரும்.

எதற்கு 'சரி' சொன்னாலும் உள்ளே இருப்பது அழியும். வீடியோ பார்க்க மட்டும் வேண்டும் என்றால் பதில் எப்போதும் 'வேண்டாம்' அல்லது 'ரத்து செய்' என்பதாகவே இருக்கட்டும்.

முதல் சோதனை: மின்சாரம்

டிஸ்க் விளக்கு எரிந்து அணைகிறதா? உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா? டிவியில் இருந்து போதுமான மின்சாரம் வராமல் இருக்கலாம். சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யு.எஸ்.பி. 3.0 என்றால் 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதற்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும்.

டிவியில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் ஹெச்.டி.டி. என்று எழுதியிருப்பதிலோ, உள்ளே நீல நிறம் உள்ளதிலோ செருகிப் பாருங்கள். சர்வீஸ் என்று குறிப்பிட்ட துளை பழுதுபார்ப்பவருக்கானது. அதில் வீடியோ ஓடாது. அப்படியும் எடுபடவில்லை என்றால், தனி அடாப்டர் கொண்ட யு.எஸ்.பி. ஹப் வழியாக இணைக்கலாம்.

கம்ப்யூட்டரில் செருகினாலும் அதே 'டிக் டிக்' வந்தால் விஷயம் வேறு. டிஸ்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல், டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுப்பது நல்லது.

இரண்டாவது சோதனை: டிஸ்கின் ஃபார்மட்

கம்ப்யூட்டரில் டிஸ்கின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் 'ஃபைல் சிஸ்டம்' என்ற இடத்தில் கீழே உள்ளவற்றில் ஒன்று இருக்கும்.

ஃபேட்32: ஏறக்குறைய எல்லா டிவியும் படிக்கும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவுக்கு இது பெரும்பாலும் பத்தாது.

என்.டி.எஃப்.எஸ்.: விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் வழக்கமான முறை. பல ஸ்மார்ட் டிவிகள் படிக்கும். சில பழைய டிவிகள் படிக்காது.

எக்ஸ்ஃபேட்: 2006ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பெரிய ஃபைல்களை ஏற்கும். விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும். இதன் தொழில்நுட்ப விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக வெளியிட்டதே 2019ல்தான். அதற்கு முந்தைய டிவிகளில் எல்லாம் இது இருக்கும் என்று நம்ப முடியாது.

மேக் கம்ப்யூட்டருக்கென்று தயார் செய்த டிஸ்க் என்றால் பெரும்பாலான டிவிகளுக்கு அது கண்ணில் கட்டிய துணி மாதிரிதான்.

முறையை மாற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் ஃபார்மட் செய்தாக வேண்டும். எனவே முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கிலோ கம்ப்யூட்டரிலோ காப்பி செய்து, இரண்டு மூன்று வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகே கை வைக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை: வீடியோவின் 'மொழி'

டிஸ்க் திறக்கிறது, பெயர்களும் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் பிரச்சினை கோடெக்கில். எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பதெல்லாம் வெறும் டிபன் பாக்ஸ். உள்ளே இட்லியா பொங்கலா என்பதைச் சொல்வதுதான் கோடெக். இரண்டு ஃபைலும் எம்பி4 ஆக இருந்தும் ஒன்று ஓடி, மற்றொன்று ஓடாமல் போவது இதனால்தான்.

மினி டிவி கேமரா கேசட்டில் இருந்து அப்படியே எடுத்த ஏவிஐ ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி வரும். பெரும்பாலான டிவிகளுக்கு அந்த 'மொழி' தெரியாது. ஐபோன்கள் 2017 முதல் ஹெச்.265 முறையில் வீடியோ எடுக்கின்றன. பழைய டிவிகள் அதில் திணறும். 2003ல் வந்த ஹெச்.264 முறையோ, ஸ்மார்ட் டிவி என்று பெயர் வைத்த எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஓடிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆண்ட்ராய்டு டிவி என்றால் விஎல்சி ஆப்பை நிறுவிப் பாருங்கள். டிவியின் சொந்த பிளேயர் கைவிட்ட பல ஃபைல்களை அது ஓட்டும். இல்லையென்றால், கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4, ஹெச்.264, ஏஏசி ஆடியோ என்று தேர்ந்தெடுத்து மாற்றலாம். பழைய கேசட் வீடியோவில் ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், அதே மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' வசதி இருக்கிறது. மாற்றியதும் மூல ஃபைலை டெலீட் செய்துவிட வேண்டாம்.

எது பிரச்சினை என்று சட்டெனக் கண்டுபிடிக்க

ஒரே ஒரு சிறிய வீடியோவை ஃபேட்32 பென் டிரைவில் போட்டு டிவியில் செருகுங்கள். அது ஓடினால் வீடியோவில் குறை இல்லை. மின்சாரமோ டிஸ்கின் ஃபார்மட்டோ காரணம். பென் டிரைவ் திறந்தும் வீடியோ ஓடவில்லை என்றால் கோடெக்தான் காரணம்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நேரமில்லை என்றால் லேப்டாப்பை ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்துவிடுங்கள். மேலே சொன்ன எந்தத் தலைவலியும் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள்

ஃபைல் பெயர்கள் டிவியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றுங்கள். முன்னால் 01, 02 என்று எண் போட்டால் வரிசை மாறாது; வெறும் 1, 2 என்று போட்டால் சில டிவிகளில் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும். தாலி கட்டும் முன்பே மறுவீடு வந்துவிடும்!

பழைய வீடியோவில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் அது டிவி படத்தை இழுப்பதால். 'பிக்சர் சைஸ்' அமைப்பில் 4:3 தேர்ந்தெடுத்தால் எல்லோரும் பழைய உருவத்துக்கு வந்துவிடுவார்கள்.

பார்த்து முடித்ததும் டிஸ்கைச் சடாரென்று உருவக் கூடாது. டிவியில் 'பாதுகாப்பாக அகற்று' வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டிவியை அணைத்து, டிஸ்க் சுழல்வது நின்றபிறகு எடுங்கள். சுழலும்போது கீழே விழுந்தால் டிஸ்க் பிழைப்பது கஷ்டம். கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தில் செருகாமல் இருப்பதே மேல்.

தப்பித்தவறி ஃபார்மட் ஆகிவிட்டால்?

உடனே கழற்றுங்கள். அதில் புதிதாக எதையும் காப்பி செய்யாதீர்கள். விரைவு ஃபார்மட்டில் பெரும்பாலும் அழிவது பட்டியல்தான். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை படங்களை மீட்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் டிவி அதில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பும் குறையும்.

"கேசட்தான் இருக்கே, மறுபடியும் மாத்திக்கலாம்" என்ற தெம்பும் இனி செல்லாது. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ல் அதை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள பிளேயர் கிடைப்பது அரிதாகிவிட்டது. கேசட் நாடாவும் ஆண்டுக்கு ஆண்டு கெடுகிறது. மாற்றியபிறகு கேசட்டைத் தூக்கிப்போட்ட வீடுகளில் அந்த டிஸ்க் ஒன்றுதான் மிச்சம்.

அதனால் வல்லுநர்கள் சொல்லும் 3-2-1 கணக்கை வீட்டு வீடியோவுக்கும் வைத்துக்கொள்ளலாம்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். ஊரில் ஒன்று, பிள்ளை வேலை பார்க்கும் நகரத்தில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு சரியாகிவிடும்.

டிவியில் செருகும் டிஸ்க் எப்போதும் காப்பியாகவே இருக்கட்டும். ஒரிஜினல் பீரோவிலேயே இருக்கட்டும்.