முதுமலை டிரிப் போறீங்களா? பச்சையா தெரியுறது எல்லாம் மானுக்குச் சாப்பாடு இல்ல!

வீக்கெண்டில் மசினகுடி பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்கள், நடுவில் நாலைந்து புள்ளிமான்கள். 'செம பச்சை, மானுக்கு இங்க என்ன குறை?' என்று ஒரு ஸ்டோரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால், அந்தப் பச்சையில் கணிசமான பகுதியை மான் வாயில்கூட வைக்காது.

அப்போ எதைத்தான் சாப்பிடும்? செடியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

துப்பு, கொழுந்து நுனியில்

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கெட்டியான ஈறு மட்டும்தான். கொழுந்தைக் கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பிடித்து, வெடுக்கென்று இழுக்கும். அதனால் மான் மேய்ந்த நுனி நார்நாராகப் பிய்ந்திருக்கும். கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல சுத்தமாக இருந்தால், அது முயல் வேலை. கிளையே முறிந்து பட்டை உரிந்திருந்தால், யானை. ஒரு சிக்கல் என்னவென்றால், ஆடு, மாட்டுக்கும் மேல் முன்பல் இல்லை. ஊரை ஒட்டிய காட்டில் பிய்ந்த நுனியைப் பார்த்ததும் 'மான்தான்' என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது உயரம். மான்கள் அதிகம் மேயும் இடத்தில், எட்டும் உயரம் வரை இலையே இருக்காது, அதற்கு மேல் மட்டும் அடர்த்தியாக இருக்கும். யாரோ கோடு போட்டு வெட்டிவிட்டதுபோலத் தெரியும். உடம்பில் பெரிய கடமான் பின்னங்காலில் எழுந்து நின்றும் இலை பறிக்கும்.

முள் இருந்தா என்ன?

மானுக்குப் பிடித்ததில் நமக்கு நன்றாகத் தெரிந்தது இலந்தை வகைகள். இலைக் காம்பிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பும், கிளையில் முள் இருக்கும். மானின் வாய் குறுகலானது, முள்ளுக்கு நடுவே நுழைத்து இலையை மட்டும் எடுத்துவிடும். இதேபோல மூன்று நரம்பு, ஆனால் முள் இல்லை, இலை ஓரத்தில் ரம்பப்பல் என்றால், அது ஃபால்சா பழத்தின் காட்டு உறவான கிரூவியாவாக இருக்கலாம். அதையும் விரும்பி மேயும்.

இலந்தைப் பழத்தையும் காட்டு நெல்லிக்காயையும் மான் அப்படியே விழுங்கும். பிறகு படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். மர நிழலில் சுத்தமான கொட்டைகள் குவியலாகக் கிடந்தால், மான் ரெஸ்ட் எடுத்த இடம் என்று யூகிக்கலாம். (விதை பரப்பும் டெலிவரி சர்வீஸும் இதுதான்.)

மழைக்காலத்தில் புள்ளிமானின் முதல் சாய்ஸ் இளம்புல். பிப்ரவரி வாக்கில் புல் காய்ந்த பிறகுதான் புதர், உதிர்ந்த இலை, பழம் என்று மாறும். புதர் உண்மையில் தேவைப்படுவது அந்தச் சில மாதங்களில்தான்.

அப்படின்னா அந்தப் பச்சை?

பெரும்பாலும் உண்ணிச்செடி. இலையைக் கசக்கினால் நெடியடிக்கும், தண்டு சதுரமாக இருக்கும், ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பூ நிறம் மாறும். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி இது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இலையில் உள்ள நச்சு மாட்டின் கல்லீரலையே பாதிக்கும். மான்களும் பெரும்பாலும் தொடுவதில்லை. 2020-ல் இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் சுமார் 1,54,000 சதுர கி.மீ. காட்டில் இது பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பளவைவிட அதிகம்!

இது அடர்ந்த இடத்தில் புல்லும் உள்ளூர்ப் புதர்க் கன்றுகளும் வெளிச்சம் கிடைக்காமல் ஒடுங்கிவிடும். மானுக்குத் தீனி குறைந்தால் அதையே நம்பியிருக்கும் புலி, செந்நாய்க்கும் பிரச்சினைதான்.

வெட்டிவிட்டால் போதாதா? போதாது, அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அதனால் மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையோடு வெட்டி, தலைகீழாகப் போடும் முறை பல காடுகளில் கையாளப்படுகிறது. ஆனாலும் பறவைகள் மறுபடி விதை போடும். அதே இடத்துக்குச் சில வருடங்கள் திரும்பத் திரும்பப் போய் முளைத்ததைப் பிடுங்க வேண்டும்.

முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னல் வழியாகத் தெரிவது பூவின் நிறமும் அந்தக் 'கோடும்' மட்டும்தான். பிய்ந்த நுனியைக் கிட்டத்தில் பார்க்கணும்னா, வனத்துறை அனுமதித்த பாதையில் கைடோடு நடக்கும் டிரெக்கிங்தான் ஒரே வழி.