மறைந்திருப்பதைக் கருதி அறியும் விளையாட்டு

மறைந்துள்ள பொருளை அறிய இரண்டு வழி உண்டு. திறந்து பார்ப்பது ஒன்று. திறக்காமலே காரணம் கொண்டு சொல்வது மற்றொன்று. முன்னதைக் காண்டல் என்றும் பின்னதைக் கருதல் என்றும் அளவை நூலார் சொல்வார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதலுக்கு அவர்கள் காட்டும் பழைய உதாரணம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரிகிற உதாரணம் 'மைன்ஸ்வீப்பர்'.

1992-ல் விண்டோஸ் 3.1 உடன் வந்த இந்த விளையாட்டு, கணக்கு எழுத வாங்கிய கடைக் கம்ப்யூட்டர்களில்கூட இருந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது தனியே இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஊருக்குப் போகும் நீண்ட ரயில் பயணத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம் போடுங்கள். வரிசைகளுக்கு அ முதல் ஐ வரை ஒன்பது எழுத்து. பத்திகளுக்கு 1 முதல் 9. ஒருவர் வேறு தாளில் 10 கட்டங்களில் ரகசியமாகக் குறி வைக்க வேண்டும். மற்றவர் "இ 4" என்று கட்டத்தைச் சொல்லித் திறப்பார். அங்கே குறி இருந்தால் ஆட்டம் போச்சு. இல்லையென்றால், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை குறி என்ற எண்ணை எழுத வேண்டும். ஓரத்துக் கட்டத்துக்கு அண்டை ஐந்து, மூலைக்கு மூன்றே. குறியில்லாத 71 கட்டங்களையும் திறந்தவருக்கு வெற்றி.

இனி யுக்தி. எண் 2, அதைச் சுற்றி மூடிய கட்டமும் இரண்டுதான் என்றால் இரண்டிலும் குறி உண்டு. எண் 1, அந்த ஒன்று முன்பே தெரிந்துவிட்டது என்றால் மற்ற அண்டைகளைப் பயமின்றித் திறக்கலாம்.

சற்று நுட்பமான இடம் ஒன்று. வரிசையாக 1, 2, 1 என்று எண்கள். அவற்றுக்குக் கீழ் வரிசை மட்டும் மூடியிருக்கிறது. 2-க்கு நேர் கீழே குறி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டம் இரண்டு 1-களுக்கும் அண்டை. ஆகவே அவற்றின் கணக்கு அதோடு தீர்ந்தது, பக்கத்தில் வேறு குறி இருக்க முடியாது. அப்போது 2-க்குக் கிடைப்பது ஒன்றுதான். முரண்! ஆகையால் நடுக்கட்டம் காலி. 1-களுக்கு நேர் கீழே குறிகள்.

சில சமயம் எந்தக் காரணமும் உதவாது. கடைசியில் இரண்டு கட்டம், ஒரு குறி என்று நின்றால் பாதிக்குப் பாதி ஊகம்தான். இதைச் சிறுபிள்ளை ஆட்டம் என்று தள்ளவும் முடியாது. எழுதியுள்ள எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று எந்தப் பலகைக்கும் விரைவில் சொல்லும் பொதுவழி இன்றுவரை அகப்படவில்லை. அது மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று 2000-ல் ரிச்சர்ட் கேய் என்ற கணித அறிஞர் நிறுவினார்.

கம்ப்யூட்டரில் மறைந்திருப்பது கண்ணிவெடி. இத்தாலியிலிருந்து ஆட்சேபம் எழுந்தபின் வெடிக்குப் பதில் பூ வைத்த ஆட்டமும் வந்தது. எங்கள் வீட்டில் புளியங்கொட்டை. கொல்லாமை பேசுகிற வீட்டில் விளையாட்டிலும் வெடி எதற்கு?

ஒரே ஒரு விதி நாங்கள் சேர்த்தோம். கட்டத்தைச் சொல்லும்போது காரணத்தையும் தமிழில் சொல்ல வேண்டும். வெளி மாநிலத்தில் பிறந்த என் பேரன் அதுவரை "தண்ணி குடு", "பசிக்குது" என்ற அளவில்தான் தமிழ் பேசுவான். வாதம் என்றால் இந்திக்குத் தாவிவிடுவான். ஒரு மாதத்தில் "ஆனா", "அதனால", "அப்படி இருந்தா" எல்லாம் வாயில் வந்துவிட்டன.

ஒருநாள் நான் அவசரத்தில் "உ 5" என்றேன். "ஏன் தாத்தா? காரணம் சொல்லுங்க" என்றான். என்னிடம் காரணம் இல்லை. ஆள் பார்த்தால் நல்லவன் என்று முன்னொரு காலத்தில் கடன் கொடுத்து முழுகிய சரக்கெல்லாம் நினைவுக்கு வந்தது. திறந்தேன், புளியங்கொட்டை.

தோற்றதில் வருத்தமில்லை. கேள்வியை அவன் தமிழில் கேட்டான்.