'ஆயிற்று' என்கிறதே சாக்கெட், நம்பலாமா? தெரியுமா உங்களுக்கு!

ஒரு புரோகிராம், நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட் வழியாக, 'செண்ட்' என்ற சிஸ்டம் காலில் 100 பைட்டை அனுப்பச் சொல்கிறது. கெர்னல் உடனே "100 பைட், ஆயிற்று!" என்கிறது. அந்த 100 பைட் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் அதே கம்ப்யூட்டரில்தான்! கெர்னலின் பஃபருக்கு நகல் போனதும் செண்டுக்கு வேலை முடிந்தது. தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம்தான் அந்த 'ஆயிற்று'.

சரி, மறுமுனையில் யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டால்? லினக்ஸ் அசராமல் 15 முறை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். கைவிட ஏறக்குறைய கால் மணி நேரம்! அதுவரை, பஃபரில் இடமிருக்கும்வரை, செண்ட் "ஆயிற்று" பாடிக்கொண்டே இருக்கும். எதையும் அனுப்பாமல் பதிலுக்காக மட்டும் காத்திருந்தால் பிழையே வராது, காலத்துக்கும் காத்திருக்கலாம். 'கீப் அலைவ்' போட்டால் சரியாகிவிடுமா? நாமாக அமைப்பை மாற்றாவிட்டால், அது முதல் தடவை எட்டிப் பார்ப்பதே 7,200 வினாடி கழித்து. இரண்டு மணி நேரம்!

1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தவை இந்தச் சாக்கெட்டுகள். அந்தக் குடும்பத்தில் 'இனெட் ஆடர்' என்று ஒரு சின்ன ஃபங்ஷன். சிஸ்டம் கால் அல்ல, லைப்ரரிச் சரக்கு. எழுத்தில் தரும் ஐபி முகவரியை எண்ணாக்கித் தரும். தப்பான முகவரி என்றால் -1 தரும். 32 பிட்டில் -1 என்பது எது தெரியுமா? 255.255.255.255! முழுக்க முழுக்கச் செல்லுபடியாகும் பிராட்காஸ்ட் முகவரி. சரியானதைக் கொடுத்தாலும் 'தப்பு' என்றே பதில்!

தோல்வி என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துக் கொடுக்கும் கால் ஒன்று உண்டு, தெரியுமா? 'கனெக்ட்'தான் அது. காத்திருக்கும்போது நடுவில் ஒரு சிக்னல் வந்தால், 'குறுக்கீடு' என்ற பிழையோடு திரும்பும். லினக்ஸில் எண் 4. "அதனாலென்ன, இன்னொரு முறை கூப்பிடுவோம்" என்று கூப்பிட்டால், சில சிஸ்டங்களில் "ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு பிழை, அல்லது "ஏற்கெனவே இணைந்தாயிற்று" என்று இன்னொரு பிழை! இணைப்பு வேலை பின்னணியில் நிற்கவே இல்லை. 'போல்' என்ற காலைப் போட்டுக் காத்திருந்து, பிறகு 'எஸ்ஓ எரர்' என்ற மதிப்பைப் படித்துத்தான் முடிவு தெரிந்துகொள்ள வேண்டும். அதிலும் ஒரு குறும்பு: படித்தவுடன் அது அழிந்துவிடும். லாகில் எழுத ஒரு முறை, முடிவெடுக்க ஒரு முறை என்று இரண்டு தடவை படித்தால், இரண்டாம் தடவை 'பிழையே இல்லை'!

இதெல்லாம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் மகா கில்லாடி 'க்ளோஸ்'தான். மூடும் கால்தானே, அதில் என்ன பிழை என்று பலர் பதிலைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்! க்ளோஸும் அதே 'குறுக்கீடு' பிழையைத் தரலாம். ஆனால் லினக்ஸில் பிழை வருமுன்பே ஃபைல் டிஸ்கிரிப்டர் எண் விடுதலையாகியிருக்கும். நீங்கள் மூடியது 7-ஆம் எண் என்று வையுங்கள். காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண்ணைத்தான் கெர்னல் அடுத்து வருபவருக்குக் கொடுக்கும். இமைக்கும் நேரத்தில் இன்னொரு த்ரெட் ஒரு ஃபைலைத் திறக்க, அதற்கு 7 கிடைக்க, நீங்கள் பொறுப்பாக மறுபடி 7-ஐ மூட... போயிற்று, அடுத்தவன் ஃபைல்! பிழைச் செய்தியும் வராது. இரண்டாவது க்ளோஸ் அமோக வெற்றி! பழைய ஹெச்பி-யுஎக்ஸிலோ நேர் எதிர்: எண் திறந்தே இருக்கும், மறுபடி மூடியே ஆக வேண்டும். ஒரே பிழை, இரண்டு ஊரில் இரண்டு சட்டம்!

சர்வர்காரர்களுக்கு 'அக்செப்ட்' வைத்திருக்கும் வெடி தெரியுமா? புது இணைப்பில் ஏற்கெனவே நேர்ந்த நெட்வொர்க் பிழையை லினக்ஸ் அக்செப்டின் பிழையாகவே நீட்டும். யாரோ ஒரு வாடிக்கையாளரின் கோளாறு. அதைத் தன் கோளாறு என்று நினைத்து சர்வரையே நிறுத்திவிடும் புரோகிராம்! டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்துபோனால் இன்னொரு கூத்து. பிழை எண் 24 வரும். ஆனால் வந்தவர் வரிசையிலேயே நிற்பதால் "ஆள் வந்திருக்கிறது" என்று 'போல்' சொல்லிக்கொண்டே இருக்கும். லூப் சுற்றிச் சுற்றி சிபியுவை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடும். இதற்குப் பழைய கைகள் வைத்திருக்கும் வித்தை: முதலிலேயே 'டெவ் நல்'லைத் திறந்து ஒரு எண்ணை ஒதுக்கி வைப்பது. நெருக்கடியில் அதை மூடி, அந்த இடத்தில் வந்தவரை ஏற்று, உடனே வழியனுப்பி, மறுபடி ஒதுக்கிக்கொள்வது.

மறுமுனை மூடிப்போன டிசிபி சாக்கெட்டில் தொடர்ந்து எழுதினால் பிழை எண்ணுக்கு முன்பே 'சிக்பைப்' சிக்னல் வந்து புரோகிராமையே கொன்றுவிடும். கனெக்ட் செய்த யுடிபி சாக்கெட்டிலோ, முந்தைய பாக்கெட்டின் 'மறுக்கப்பட்டது' பிழை அடுத்த காலின் தலையில் விடியும்!

இவற்றில் பெரும்பாலானவை லினக்ஸின் மேன் பேஜ்களிலேயே எழுதியிருக்கின்றன, தெரியுமா? 'செலக்ட்' பக்கத்தில் 'பக்ஸ்' என்றே ஒரு பகுதி: படிக்கத் தயார் என்று சொன்ன சாக்கெட்டிலும் படிக்கப்போனால் மாட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் வந்த தரவு செக்சம் பிசகிக் கழிக்கப்பட்டிருக்கலாம் என்கிறது. டெர்மினலில் 'மேன் 2 க்ளோஸ்' என்று அடித்து, 'நோட்ஸ்' பகுதிவரை இறங்கிப் படித்துவிட்டு உங்கள் புரோகிராமைத் திறந்து பாருங்கள். க்ளோஸைச் சுற்றி ஒரு 'மறுபடி முயற்சி' லூப் இருந்தால், லினக்ஸில் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்!