கஜானாவில் மிஞ்சிய காசு யாருக்கு?



நன்றாகப் பால் இறங்குகிற மாதம். மழை இல்லை, ஒரு நாள் பிரட்டும் தவறவில்லை. சம்பளம் கைக்கு வருகிறது. கடைப் பற்றைத் தீர்த்து, கூட்டுப் பணம் கட்டி, பிள்ளைகளின் பஸ் காசையும் கொடுத்த பிறகு இருநூறு வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? வீட்டுக்காரர் புதுத் தொலைக்காட்சிப் பெட்டி என்பார். பெரியவள் சட்டைத் துணி கேட்பாள். தாய்மார்களே, நீங்கள் மட்டும் இலையுதிர் காலத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பீர்கள். மரம் இலை கொட்டினால் பாலும் குறையும், சம்பளமும் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அரசாங்கத்தின் வீட்டிலும் இதே பேச்சுத்தான். ஓர் ஆண்டின் வரவு, செலவைக் காட்டிலும் கூடிவிட்டால் மிஞ்சுவதை உபரி என்கிறார்கள். அந்த உபரியை என்ன செய்வது? மக்களுடைய பணம்தானே, மக்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு இதுதான் நடந்தது. முந்திய நிதியாண்டில் 190 கோடி வெள்ளி மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மிஞ்சியதோ 960 கோடி. நிதி அமைச்சர் ஹெங் சுவீ கியட் அதில் 70 கோடியை 21 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் போனஸாகக் கொடுப்பதாக அறிவித்தார். ஆண்டு வருமானம் 28,000 வெள்ளிக்கு உட்பட்டவருக்கு 300, ஒரு லட்சம் வரை 200, அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கு 100 வெள்ளி. ரயில் பாதைகளுக்காக 500 கோடியும், முதியோர் பராமரிப்புக் காப்புறுதிக்கு உதவ 200 கோடியும் ஒதுக்கினார்கள்.

இதில் ஒரு குறை எனக்கு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவருக்கு அந்த நூறு வெள்ளி எதற்கு? ஒரு நாள் விருந்துக்குக்கூடக் காணாது. அதையும் சேர்த்து அடிமட்டத்தில் இருப்பவருக்கே கொடுத்திருக்கலாம்.

அதே பட்ஜெட்டில், பொருள் சேவை வரி பின்னாளில் 7 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயரும் என்றும் சொல்லிவிட்டார்கள். கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. ஒரு கையில் 960 கோடி மிச்சம், இன்னொரு கையில் வரி உயர்வா? (அந்த வரி 2023இல் 8 ஆகவும் 2024இல் 9 ஆகவும் உயர்ந்தே விட்டது.)

வரி உயர்வை நான் புகழவில்லை. அரிசி வாங்குகிறவரையும் கார் வாங்குகிறவரையும் ஒரே விழுக்காட்டில் பிடிக்கிற வரி அது. ஆனால் அந்த உபரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கணக்கு விளங்கும். 460 கோடி, பெரும்பாலும் அந்நாட்டு நாணய வாரியத்திடமிருந்து வந்தது. 200 கோடி, வீடு நிலம் கைமாறியதால் முத்திரை வரியில் கூடுதலாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டும் வருமா என்றால் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் செலவோ ஆண்டுதோறும் வருகிறது. டுரியான் பருவத்தில் கிடைத்த காசை நம்பி ஐந்து வருடத் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்போமா?

அப்படியானால் பூட்டி வைத்துவிடலாமா? சிங்கப்பூரில் 1991 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஓர் அரசாங்கம் தன் தவணையில் சேர்த்ததை அடுத்து வரும் அரசாங்கம் அதிபரின் ஒப்புதல் இல்லாமல் தொட முடியாது. 2009இல் உலகமெங்கும் வேலை போன நேரத்தில் அதிலிருந்து 400 கோடி எடுத்தார்கள். 2011இல் திருப்பியும் வைத்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது 5,200 கோடி வரை எடுக்க ஒப்புதல் கிடைத்தது. பெட்டியில் இருந்ததால்தானே எடுக்க முடிந்தது!

பணத்தைப் போட்டுப் பலன் எடுக்கும் வழியும் ஒன்று உண்டு. அது நம் தோட்டத்துக் கதை.

1950இல் கொரியாவில் சண்டை மூண்டதும் ரப்பர் விலை எகிறியது. 1951இல் ஒரு ராத்தல் இரண்டு வெள்ளியையும் தாண்டியது. ஏற்றுமதி வரியால் மலாயா அரசாங்கத்தின் கஜானா நிரம்பியது. சண்டை முடிந்தால் விலை விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டங்களிலோ பாதிக்கு மேல் கிழட்டு மரங்கள். அந்த நேரத்தில்தான் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தலுக்கும் நாலரைக் காசு பிடித்து, மறுநடவுக்கென்றே தனி நிதி சேர்க்க 1952இல் சட்டம் வந்தது. பழைய மரத்தை வேரோடு தள்ளி, ஒட்டுக் கன்று நட்டு, ஆறேழு வருடம் காத்திருந்தார்கள். புது மரம் இரண்டு மூன்று மடங்கு பால் கொடுத்தது. உங்கள் தாய் தகப்பன் கத்தி பிடித்தது அந்த மரங்களில்தான்.

மரத்துக்குக் கிடைத்த யோகம் மரம் சீவியவர்களுக்குக் கிடைத்ததா என்று கேளுங்கள். அந்த நிதி கன்றுக்கும் உரத்துக்கும்தான். லயத்துக் கூரைக்கு அதில் ஒரு காசும் கிடையாது.

பிறகு நம் நாட்டுக்கும் உபரிக் காலம் வந்தது. 1993 முதல் 1997 வரை ஐந்து ஆண்டுகள் மலேசிய மத்திய அரசாங்கத்தின் கணக்கில் மிச்சம் நின்றது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் மாறின. லயத்தைக் காலி செய்தவர்களில் சிலருக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. பலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு வீடாக மாற்றியிருந்தால் அதைவிட நல்ல மறுநடவு வேறு இருந்திருக்காது. 1997இல் நாணய நெருக்கடி வந்தது. 1998இல் துண்டு விழத் தொடங்கிய பட்ஜெட், அதன்பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளிலும் ஒரு முறைகூட மிச்சம் காட்டவில்லை.

மறுபடி அப்படி ஒரு மிச்சம் வந்தால் முதலில் எதற்கு என்று என்னைக் கேட்டால், முப்பது வருடம் தோட்டத்தில் உழைத்தவருக்கு மூன்று அறையும் ஓர் அடுப்படியும், கிராண்டு அவர் பெயரிலேயே என்பேன். கையில் முந்நூறு வெள்ளி கொடுத்தால் தீபாவளியோடு கரைந்துவிடும். அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கும் செலவு இருக்கிறதே!