பழைய நிரலும் புதிய நினைவகமும்



கணிப்பொறியின் நினைவகம் பெருகப் பெருக, அதில் ஓடும் நிரல்கள் யாவும் அப்பெருக்கத்தின் பயனைத் தாமாகவே பெற்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. எட்டு கிகாபைட் நினைவகமுள்ள புதிய கணிப்பொறியிலும், முப்பது ஆண்டுகட்கு முற்பட்ட நிரல் ஒன்று ‘இடம் போதவில்லை’ என்று நின்றுவிடுவதுண்டு. குறை எங்கே உள்ளது? பொறியிலா, நிரலிலா, அல்லது அதன்முன் அமர்ந்திருக்கும் மாணவனிடத்திலா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போர்லண்டு என்னும் அமெரிக்க நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் டர்போ சி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்பெயர்ப்பியை வெளியிட்டது. உலகின் பிற பகுதிகள் அதனைக் கைவிட்ட பின்னரும், நம் நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அது பல்லாண்டு நிலைத்து நின்றது. ஒரு மாணவன் 40,000 பேரின் மதிப்பெண்களை ஒரே அணியில் வைக்க எண்ணி, அதில் ஒரு நிரல் எழுதுகிறான் என்று கொள்வோம். ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட் வீதம் 80,000 பைட் தேவை. நிரல்பெயர்ப்பி உடனே மறுத்துவிடுகிறது. மாணவன் தன் அறிவையே ஐயுறுகிறான். உண்மையில் அவன் தருக்கத்தில் பிழை ஏதுமில்லை.

காரணம் யாது? நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. நம் அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்துப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வெண்ணுக்கு ஆறு இலக்கங்களே உண்டு. புதுக்கோட்டைக்கு 622001. ஆறு இலக்கங்களால் பத்து லட்சம் எண்களுக்கு மேல் அமைத்தல் இயலாது. பத்து லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள் எழுந்தால், எஞ்சியவற்றைச் சுட்ட எண் இராது. கட்டடம் இருந்தும் கடிதம் போய்ச் சேராது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இன்டெல் 8088 என்னும் செயலி இருந்தது. அதற்கு இருபது முகவரிக் கம்பிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்னும் இரண்டே நிலைகளை உடையது. இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 கிடைக்கும். இதுவே ஒரு மெகாபைட். இதில் மேற்பகுதியான 384 கிலோபைட்டைத் திரைக்கும் பிற உறுப்புகளுக்கும் ஒதுக்கினர். எஞ்சிய 640 கிலோபைட்டே நிரல்களுக்கு வாய்த்தது. மேலும், அச்செயலி ஒரே தடவையில் 16 இலக்க எண்ணையே கையாளவல்லது. ஆகவே நினைவகம் 65,536 பைட் கொண்ட துண்டங்களாக அணுகப்பட்டது. மாணவனின் 80,000 பைட் ஒரு துண்டத்தில் அடங்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

இவ்வெல்லையைக் கடக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று சுவை மிக்கது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்னும் ஆய்வு நூலகம் உள்ளது. ஆங்கு நூல்கள் ஆயிரக்கணக்கில் இருப்பினும், படிப்போன் மேசையில் ஒரு வேளைக்கு நான்கு நூல்களே கொள்ளும் என்க. ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்து வந்தால், சிறு மேசையிலேயே பெருநூலகம் முழுவதையும் பயன்கொள்ளலாம். 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்டு ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த விரிவு நினைவக முறை இத்தகையதே. 64 கிலோபைட் பரப்புள்ள ஒரு சாளரம்; அதில் 16 கிலோபைட் அளவுள்ள நான்கு பக்கங்கள்; வேண்டும்போது பக்கங்கள் மாற்றப்பட்டன. ஆயினும், அவ்வாறு மாற்றக் கற்பிக்கப்பட்ட நிரலுக்கே அதனால் பயன் விளைந்தது.

இன்றைய 64 இலக்க விண்டோஸில் டர்போ சி பிளஸ் பிளஸ் நேரே ஓடாது. பழைய 16 இலக்க நிரல்களை ஓட்டும் ஏற்பாடு அதில் இல்லை. ஆதலின் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளின் துணையை நாடுகின்றனர். அது கணிப்பொறிக்குள்ளே பழைய கணிப்பொறி ஒன்றை மென்பொருளாலேயே படைத்துக் காட்டுகிறது. அப்பாவனைப் பொறிக்கு எத்துணை மெகாபைட் வேண்டுமென்று அமைப்புக் கோப்பில் நாம் குறிக்கலாம். ஆயினும் எவ்வளவு கூட்டினாலும் துண்டத்தின் எல்லை 65,536 பைட்டாகவே நிற்கும். அது பொறியின் வறுமையன்று; முகவரியின் குறுமை.

சற்றுப் பிற்காலத்து 32 இலக்க நிரல்களின் நிலை வேறு. அவற்றின் முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 கிகாபைட். விண்டோஸ் இதில் பாதியைத் தனக்கென வைத்துக்கொண்டு, 2 கிகாபைட்டை நிரலுக்கு அளித்தது. ஆனால் நிரற்கோப்பின் தலைப்பகுதியில், ‘யான் பெரிய முகவரிகளையும் அறிவேன்’ என்று பொருள்படும் ஒரு குறி உண்டு. அக்குறியை இட்டுவிட்டால், 64 இலக்க விண்டோஸ் அந்நிரலுக்கு ஏறத்தாழ 4 கிகாபைட் முழுவதையும் வழங்கும். ஒரே ஓர் இலக்கத்தை மாற்றுவதால் விளையும் பயன் இது!

எனினும் இங்கே எச்சரிக்கை தேவை. முற்கால நிரலாளர் சிலர், முகவரியின் தலை இலக்கம் என்றும் 0 ஆகவே இருக்கும் என்று நம்பி, அவ்விடத்தை வேறு பணிக்குப் பயன்படுத்தினர். அத்தகைய நிரலில் குறியை இட்டால், அது 2 கிகாபைட்டைக் கடந்ததும் தடுமாறும். சேமித்த தரவுகளும் சிதையக்கூடும். ஆகவே மூலக்கோப்பின் படியொன்றைத் தனியே காத்து வைத்துக்கொண்ட பின்னரே முயலவேண்டும்.

இவையெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று வினவலாம். டர்போவில் ‘இன்ட்’ என்னும் முழு எண்ணுக்கு 2 பைட். அதன் உச்சம் 32,767. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் விடை கழித்தற் குறியுடன் −32,768 என வரும். இன்று பெருவழக்கிலுள்ள நிரல்பெயர்ப்பிகளில் அதே வகைக்கு 4 பைட். முன்னதை மாறா விதியென மனனம் செய்தவன், வேலைக்கான தேர்விலும் பணியிடத்திலும் இடறுவான். அஃது ஒரு காலத்துச் செயலியின் அளவே என்று காரணத்தோடு கற்றவனோ எக்கருவியிலும் நிலைகொள்வான்.

ஆதலின், ஓர் எல்லை எதிர்ப்படும்போது அதனை இட்டது யார், எக்காரணத்தால் இட்டனர் என்று முதலில் வினவுங்கள். பொறியின் அளவு, முகவரியின் அளவு, இயக்க முறைமையின் ஒதுக்கீடு, மொழியின் வரையறை ஆகிய நான்கையும் பிரித்தறிந்த பின்னரே பரிகாரம் தேடுங்கள். நினைவகத்தை விலைக்கு வாங்கிவிடலாம். இப்பகுத்தறிவைப் பயின்றே பெறுதல் வேண்டும்.