அம்பாசிடரா? பியட்டா?

இரண்டு பழைய கார்களின் பலப்பரீட்சை

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் வாங்க நினைத்தவர்களுக்குப் பெரிய கேள்வி இதுதான்: அம்பாசிடர் வாங்குவதா, பியட் வாங்குவதா?

பணம் இருந்தாலும் கார் உடனே கிடைக்காது. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு, "தப்பாக வாங்கிவிட்டோமே!" என்று வருந்திப் பயன் இல்லை. ஆகவே, வீட்டில் பெரிய வாக்குவாதமே நடக்கும்.

எது நல்ல கார்? இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

பிறந்த கதை

அம்பாசிடர், இங்கிலாந்தின் "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" காரின் வாரிசு. 1950-களின் கடைசியில், கல்கத்தா அருகே உள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார் கம்பெனி அதைச் செய்யத் தொடங்கியது.

பியட், இத்தாலி நாட்டுக் கார். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி அதைத் தயாரித்தது. 1974-ல் "பிரீமியர் பத்மினி" என்று பெயர் மாறியது. நடிகை பத்மினியின் பெயர் அல்ல. சித்தூர் ராணி பத்மினியின் பெயர்!

உடம்பு எப்படி?

அம்பாசிடர் சுமார் 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். எடை 1,100 கிலோவுக்கு மேல். கூரை உயரமானது. தலைப்பாகை கட்டியவரும் தாராளமாக உட்காரலாம்.

பியட் சுமார் 13 அடி நீளம். அகலம் 5 அடிகூட இல்லை. எடை சுமார் 900 கிலோ.

இரண்டிலும் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. முன் சீட்டு பெஞ்சு போல இருக்கும். அதனால் டிரைவர் பக்கத்தில் இருவர் நெருக்கி உட்காருவார்கள்.

குதிரைக் கணக்கு

அம்பாசிடரின் எஞ்சின் 1,489 சி.சி.; அதாவது ஒன்றரை லிட்டர். அதன் சக்தி சுமார் 50 குதிரை. பியட்டின் எஞ்சின் 1,089 சி.சி. தான். சக்தி சுமார் 40 குதிரை.

"அப்படியானால் அம்பாசிடர்தானே வேகமான கார்?" என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம்!

அம்பாசிடரில் 50 குதிரைகள் 1,100 கிலோவை இழுக்கின்றன. குதிரைக்கு 22 கிலோ. பியட்டில் 40 குதிரைகள் 900 கிலோவை இழுக்கின்றன. குதிரைக்கு இருபத்திரண்டரை கிலோ. ஏறத்தாழச் சமம்!

இப்போது ஆளும் மூட்டையுமாக 500 கிலோ ஏற்றுவோம். அம்பாசிடரில் குதிரைக்கு 32 கிலோ. பியட்டில் 35 கிலோ. கூட்டம் ஏறினால் மேட்டில் முதலில் மூச்சு வாங்குவது பியட்தான்.

ஆனால், சின்ன எஞ்சின் பெட்ரோலைக் குறைவாகக் குடித்தது. சின்ன உடம்பு நெரிசலில் எளிதாகத் திரும்பியது.

எங்கே எது ஓடியது?

நெரிசல் மிகுந்த பம்பாயில் பியட் டாக்சி ராஜ்யம் செய்தது. கல்கத்தாவில் மஞ்சள் அம்பாசிடர் ஓடியது. மந்திரிகளும் கலெக்டர்களும் வெள்ளை அம்பாசிடரில் சென்றார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் கலியாணக் கூட்டத்தை ஏற்றிச் சென்றதும் அம்பாசிடர்தான். பிறகு அதில் டீசல் எஞ்சினும் வந்தது. டாக்சிக்காரர்களுக்குச் செலவு குறைந்தது.

வீழ்த்தியது யார்?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் எஞ்சின் 796 சி.சி. தான். ஆனால், எடை மிகக் குறைவு. பழைய இரண்டு கார்களும் பின்தங்கின. பத்மினி தயாரிப்பு 2000-ம் ஆண்டு வாக்கில் நின்றது. அம்பாசிடர் 2014-ல் நின்றது. 2023 அக்டோபரில் மும்பையின் பத்மினி டாக்சிகளும் விடைபெற்றன.

தீர்ப்பு

யாருக்கு வெற்றி? கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், நகரத்துத் தெரு என்றால் பியட். தாத்தா, பாட்டி, அத்தை, மூட்டை முடிச்சு, கிராமத்து ரோடு என்றால் அம்பாசிடர்.

காரைப் பார்த்து மட்டும் கார் வாங்கக்கூடாது. ஏறப்போகிறவர்களையும் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். இது இன்றைய கார்களுக்கும் பொருந்தும்!